அந்தமானில் போர்ட்மன் துரை

மணிமேகலையில் ஆதிரையின் கணவனாகிய சாதுவன் கதையை நம் அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலைக்கரையில் அவ்வணிகன் ஒதுங்குகிறான். களைத்து மரத்தடியில் உறங்குகையில் நாகர் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். கொன்று தின்பதே அவர்கள் எண்ணம். சாதுவனோ அவர்கள் மொழியை அறிந்தவன். அவன் வாய் திறந்து பேசியதும் ஓங்கிய கைகள் தாழ்ந்தன, தலைவன்பால் அழைத்துச் சென்றனர், பேச்சு வளர்ந்தது, கொலை தவிர்ந்தது. பின்பு சாதுவன் அவர்கள் மனமுவந்து கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு, வந்த கப்பலில் ஊர் திரும்பினான். தீவு நாகரிடமே இருந்தது.

அந்த நாகர் நாடு எதுவென்று அறிஞர் பலவாறு கூறுவர். சோழர் கல்வெட்டுகள் நக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளே அது என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நமக்கு இப்போது வேண்டுவதன்று. நாம் ஈண்டு எழுதப் புகுந்தது, அதே கடலில், நக்கவாரத்துக்கு வடக்கே உள்ள அந்தமான் தீவுகளில், அதுபோலவே ஆடையற்ற மக்களின் மொழியைக் கற்றுக்கொண்ட வேறொருவரின் வரலாறு. அவர் பெயர் மாரிஸ் விடால் போர்ட்மன். அவர் கலம் உடைந்து வந்தவரல்லர். சர்க்கார் உத்தியோகத்தில் வந்தவர். மகானும் அல்லர். இப்பக்கங்களில் வழக்கமாக வரும் வரலாறுகளைப் படிக்கும் மனத்தோடு இதைப் படிக்கத் தொடங்குவோர் ஏமாற்றம் அடையக்கூடும். தன் இனத்தார் செய்த கொடுமையைத் தன் கண்ணால் கண்டு, தன் கையால் எழுதிவைத்த ஒருவர், அதற்கு மேல் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதே நம் விசாரணை.

போர்ட்மன் வந்து இறங்குமுன் அத்தீவுகளில் நடந்ததைச் சிறிது கூறவேண்டும்.

அந்தமானில் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்கள் நான்கு பிரிவினர். பத்துக் குலங்களாகப் பிரிந்து பெருந்தீவுகளில் பரவியிருந்த பெரிய அந்தமானியர். தெற்கே சிறிய அந்தமானில் ஓங்கேயர். காட்டின் உட்பகுதியில் ஜாரவாக்கள். மேற்கே தனியாகக் கிடக்கும் வட சென்டினல் தீவில் ஒரு சிறு கூட்டத்தார். ஜாரவா என்பதுகூட அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. பக்கத்துக் குலத்தார் மொழியில் அந்நியர் என்று பொருள்படும் சொல் அது. எல்லோரும் வேட்டையாடியும் மீன்பிடித்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். உழவு அறியார், அரசன் என்று ஒருவனை அறியார், நாம் அறிந்தவரையில், பிறப்பினால் ஒருவனைத் தீண்டலாகாதவன் என்று ஒதுக்கும் வழக்கத்தையும் அறியார்.

1857-ம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய கம்பெனியாருக்குக் கைதிகளை அடைக்க இடம் தேவைப்பட்டது. 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ம் நாள் டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். காடு வெட்டப்பட்டது. காட்டுக்கு உடையவர்களை எவரும் கேட்கவில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் அந்தமானியர் வில்லும் அம்பும் கொண்டு அபர்தீன் என்னுமிடத்தில் திரண்டு வந்தனர். அவர்களோடு ஓராண்டுக் காலம் வாழ்ந்து, அவர்கள் பெண்களையே மணந்திருந்த தூத்நாத் திவாரி என்னும் தப்பியோடிய கைதி, முன்கூட்டியே ஓடிவந்து வெள்ளையரிடம் செய்தி சொல்லிவிட்டான். அம்புகள் துப்பாக்கிகளை எதிர்த்தன. முடிவு யாவரும் ஊகிக்கத்தக்கதே. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது. அவன் விட்டுவந்த மனைவியரைப் பற்றி எவரும் கவலைகொண்டதாகத் தெரியவில்லை.

1863-ம் ஆண்டில் நடந்த ஒன்றை நம் வாசகர்கள் நன்கு கவனிக்கவேண்டும். பிராட் என்னும் வெள்ளைக் கப்பற்படை வீரன் ஒருவன் அந்தமானியரால் கொல்லப்பட்டான். உடனே இருவரைப் பிடித்து விலங்கிட்டனர். மாலுமிகள் அவ்விருவருக்கும் வேடிக்கையாக இட்ட பெயர்கள் ஸ்னோபால், ஜம்போ என்பன. பனிக்கட்டி உருண்டை என்று ஒரு கருநிற மனிதனை அழைப்பது அவர்களுக்கு நகைச்சுவை. நாளடைவில் உண்மை வெளிவந்தது. பிராட் ஓர் அந்தமானியப் பெண்ணைப் பலவந்தம் செய்ய முயன்றான். அதைத் தடுக்கவே அவன் கொல்லப்பட்டான். பின்னர் அவ்விருவரும் விடப்பட்டனர். ஆனால் வெள்ளையன் ஒருவன் இறந்தவுடன், அவன் என்ன செய்தான் என்று கேட்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. நம் கிராமங்களில் இவ்வழக்கம் எப்படியென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

அதே ஆண்டில் கார்பின் என்னும் பாதிரியார் பொறுப்பில், ராஸ் தீவில் அந்தமானியர் இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. நாகரிகம் கற்பிப்பது அதன் நோக்கம் என்றனர். காவல் போட்டு வைத்து வேலை வாங்கினர். காட்டுக்காற்றில் வளர்ந்தவர்கள் நெருக்கிய கொட்டகைகளில் நோயுற்றனர். அவ்வில்லங்களில் பிறந்த குழந்தைகளுள் இரண்டு வயதைத் தாண்டியவை இல்லை என்றே அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. அவர்களைக் காக்க வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள் வாயிலாக மேகநோய் பரவியது. 1876-ல்தான் சர்க்கார் அதைக் கண்டுகொண்டது. அடுத்த ஆண்டே தட்டம்மை வந்து குலம் குலமாகக் கொண்டுபோயிற்று.

சிறிய அந்தமானில் 1867-ம் ஆண்டில் நடந்ததையும் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. அங்கே கரையிறங்கிக் காணாமற்போன கப்பலாட்களைத் தேடிச் சென்ற படை ஓங்கேயரைச் சுட்டுத்தள்ளியது. அலைகளில் சிக்கிய அப்படையினரைப் படகில் மீட்ட ஐவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. மாண்ட ஓங்கேயர் எத்தனை பேர் என்று எவரும் நின்று எண்ணவில்லை. பதக்கம் ஐந்து என்பது மட்டும் திட்டமாகத் தெரிகிறது.

இந்நிலையில்தான் 1879-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் போர்ட்மன், அந்தமானியர் மேல் அதிகாரி என்னும் பதவியில் அமர்த்தப்பட்டார்.

அவர் பிறந்தது 1860-ல். இலண்டன் மாநகரின் நடுவில் பெருநிலம் உடைய போர்ட்மன் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் இந்தியக் கடற்பணியில் சேர்ந்து, சிலகாலம் வைசிராயின் உல்லாசக் கப்பலைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து நேரே இப்பதவி. வயது பத்தொன்பது.

இவ்விடத்தில் சிறிது நிற்போம். ஒரு மக்கள் கூட்டத்தின் உணவு, மருந்து, இருப்பிடம், பயணம், தண்டனை அனைத்தும் ஒரு பத்தொன்பது வயது இளைஞன் கையில் கொடுக்கப்பட்டன. அவன் அம்மக்களின் மொழியை அப்போது அறியான். மருத்துவம் கற்றவன் அல்லன். சட்டம் கற்றவன் அல்லன். அவனுக்கு இருந்த தகுதிகள் இரண்டு: வெள்ளைத் தோல், நல்ல குடும்பம். அறுபது வயதான அந்தமானியக் கிழவர் ஒருவர், கடலின் ஒவ்வொரு நீரோட்டத்தையும் காட்டின் ஒவ்வொரு கிழங்கையும் அறிந்தவர், அவ்விளைஞனிடம் அனுமதி கேட்கவேண்டியவரானார். இதில் வியப்பு என்று அக்காலத்தில் எவருக்கும் படவில்லை, போர்ட்மனுக்கும் படவில்லை. பிறப்பினால் வரும் உயர்வு எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதை உடையவனுக்கு அது மூச்சுக்காற்றைப்போல் இருப்பதே தெரிவதில்லை. அதன் கீழ் இருப்பவனுக்கோ கல்லைப்போல் கனக்கிறது.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்வோம். போர்ட்மன் சோம்பேறி அல்லர். கொடூர மனத்தவரும் அல்லர். தீவு தீவாகப் படகில் சென்றார். அவர்களோடு வேட்டைக்குப் போனார். பல குலங்களின் மொழிகளைக் கற்றார். 1887-ல் அந்தமானிய மொழிகளுக்குக் கையேடும், 1898-ல் தெற்குக் குலங்களின் மொழிகளைப் பற்றிய குறிப்புகளும் வெளியிட்டார். நோயாளிகளைக் கவனித்தார். ஓங்கேயரோடு இருந்த பழைய பகை 1880-களின் நடுவில் இவர் முயற்சியால் தணிந்தது. அவர்களை இவர் விரும்பினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரும்புவதும் மதிப்பதும் ஒன்றல்ல. பண்ணையாள் மேல் பிரியம் வைத்த மிராசுதார்களை நம் முன்னோர் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

இனி வட சென்டினல் தீவுக்கு வருவோம். இவ்வரலாற்றின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

போர்ட் பிளேருக்கு மேற்கே, ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு அது. சுற்றிலும் பவளப்பாறை. அதன் மக்கள் எவரையும் அண்டவிடாமல் இருந்தனர். எவருக்கும் தீங்கு செய்யத் தேடிச் சென்றதும் இல்லை. 1880-ம் ஆண்டு ஜனவரியில் போர்ட்மன் ஆயுதம் தாங்கிய பெருங்கூட்டத்துடன் அங்கே இறங்கினார். உத்தேசம் இதுதான்: சிலரைப் பிடித்துக் கொண்டுபோய், நன்றாக நடத்தி, பரிசுகள் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், வெள்ளையர் நல்லவர் என்று அவர்கள் தம்மவரிடம் சொல்வார்கள், நட்பு உண்டாகும். மற்றக் குலங்களிடம் சர்க்கார் கையாண்ட முறையும் இதுவே. ஒருவனைப் பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போவதே நட்பின் முதற்படி என்று கருதும் மனத்தை என்னென்பது!

கூட்டத்தார் தீவைச் சல்லடை போட்டுத் தேடினர். நடைபாதைகள் இருந்தன, குடிசைகள் இருந்தன, மக்கள் இல்லை. அவர்கள் காட்டுக்குள் மறைந்துவிட்டனர். பல நாள் தேடலுக்குப் பின் அகப்பட்டவர்கள் ஆறு பேர்: ஒரு முதியவர், அவர் மனைவி, நான்கு குழந்தைகள். ஓடமுடியாதவர்களே அகப்பட்டனர் என்று நாம் கருதுகிறோம்.

அறுவரையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தனர். சிலநாட்களுக்குள் அனைவரும் நோயுற்றனர். வெளியுலகின் சாதாரணச் சளியும் காய்ச்சலும் அவர்கள் உடம்புக்குப் புதியவை. முதியவரும் மனைவியும் இறந்தனர். அச்சங்கொண்ட போர்ட்மன் நான்கு குழந்தைகளையும் பரிசுப் பொருள்களோடு தீவில் கொண்டுபோய் விட்டார். குழந்தைகள் காட்டுக்குள் ஓடி மறைந்தனர்.

அந்நால்வரும் என்ன கொண்டுபோயினர்? பரிசுகளைக் கொண்டுபோயினர். இரண்டு பேர் திரும்பவில்லை என்னும் செய்தியைக் கொண்டுபோயினர். அவர்கள் மூச்சில் அந்நோயும் சென்றதா, சென்றிருந்தால் அக்காட்டினுள் எத்தனை பேரைத் தின்றது என்பதற்குச் சாட்சி கூற வெளியார் எவரும் இல்லை. பெயரும் இல்லை. அறுவருள் ஒருவருடைய பெயர்கூட நம்மை வந்து எட்டவில்லை. பிடித்துக்கொண்டு போனவருடைய பெயரை மட்டும் நாம் முழுமையாக எழுதுகிறோம்.

போர்ட்மன் பிற்காலத்தில் இதை எழுதியபோது மழுப்பவில்லை. இப்பயணத்தால் அத்தீவாரின் அச்சத்தையும் பகையையும் மிகுவித்ததன்றி வேறொன்றும் சாதிக்கவில்லை என்னும் கருத்தைத் தம் நூலிலேயே பதிந்தார். அக்காலத்து அதிகாரிகள் எழுதிய நூல்களில் இத்தகைய ஒப்புதல் எளிதில் கிடைப்பதன்று. அதன் மதிப்பை நாம் குறைக்கவில்லை. எனினும் 1880-க்குப் பிறகும் அவர் அத்தீவுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. ஜாரவாக்களைப் பிடிப்பதும் நிற்கவில்லை. பிழை என்று கண்டது வேறு, கைவிட்டது வேறு.

அடுத்து அவருடைய புகைப்படங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று உலகெங்கும் போர்ட்மன் பெயர் தெரிந்திருப்பது பெரும்பாலும் அவற்றாலேயே. 1890-களில் இலண்டன் அருங்காட்சியகத்துக்காக அவர் அந்தமானியரை நூற்றுக்கணக்கில் படம்பிடித்துத் தொகுதி தொகுதியாக அனுப்பினார். வில் செய்வது, கோடரி செய்வது முதலிய தொழில்களைப் படிப்படியாகக் காட்டும் அழகிய படங்கள் அவற்றுள் உண்டு. வேறு வகைப் படங்களும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட திரைக்கு முன் ஆணும் பெண்ணும் நிர்வாணமாக நிறுத்தப்பட்டனர். ஒருமுறை முகம் காட்டி, ஒருமுறை பக்கம் காட்டி. உயரம், தலை, மூக்கு, கை, கால் எல்லாம் அளக்கப்பட்டன. நாடித்துடிப்பும் உடற்சூடும் குறிக்கப்பட்டன. உள்ளங்கையையும் பாதத்தையும் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்தனர். இனம் அழிந்துகொண்டிருக்கிறது, அழியுமுன் பதிந்துவைக்கவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

இதைப் படிக்கும் நம்மவர்க்கு ஒன்று நினைவுக்கு வரலாம். அதே ஆண்டுகளில், எழும்பூர் அருங்காட்சியகத்தில் தர்ஸ்டன் துரை அளவுகோல்களோடு உட்கார்ந்து, நம் சென்னை இராஜதானியின் சாதியாரை மூக்கு மூக்காக அளந்துகொண்டிருந்தார். பறையர் மூக்கு இவ்வளவு, பிராமணர் மூக்கு இவ்வளவு என்று அட்டவணைகள் ஏறின. மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதனின் படியை நிர்ணயிக்கலாம் என்று நம்பிய காலம் அது. ஒரே கருவி அங்கும் அளந்தது, இங்கும் அளந்தது. நம் பாட்டன்மார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற அதே வரிசையின் மறுமுனையில் அந்தமானியர் நின்றனர். நாம் இதைச் சொல்வது ஒப்பாரிக்காக அல்ல. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குள்ளேயே இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

1899-ம் ஆண்டில் போர்ட்மன் தம் பெருநூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்தமானியரோடு ஆங்கிலேயர் கொண்ட உறவுகளின் வரலாறு அது. நாம் மேலே கூறியவற்றுள் பலவும் அந்நூலில் அவரே தொகுத்தவை. அபர்தீன் சண்டை, பிராட் செய்த இழிசெயல், இல்லங்களின் கொட்டகைச் சாவுகள், மேகநோய், தட்டம்மை எல்லாவற்றையும் சர்க்கார் கடிதங்களோடு சேர்த்து அடுக்கி வைத்தார். தம் இனத்தார் மறைக்க விரும்பியிருக்கக்கூடியவற்றையும் மறைக்கவில்லை. பின்னர் இலண்டனில் பூகோளக் கழகத்தார் முன் பேசுகையில், வெளியாரின் சேர்க்கையால் அம்மக்களுக்குத் தீமையன்றி வேறொன்றும் விளையவில்லை என்று கருத்துரைத்தார். அவ்வினம் அழிவது குறித்துத் தம் வருத்தத்தையும் தெரிவித்தார்.

இவ்வளவும் உண்மை. ஆனால் அதே பேச்சில், வேறு பல இனங்கள் போயிருந்தால்கூட உலகுக்கு இவ்வளவு நட்டமில்லை என்னும் பொருள்படவும் கூறினார். வாசகர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். எவ்வினம் இருக்கலாம், எவ்வினம் போகலாம் என்று தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் இருந்துகொண்டே அவர் கண்ணீர் விட்டார். வருத்தம் வந்தது, ஆசனம் மாறவில்லை. அழிவையும் அவர் ஓர் இயற்கை நிகழ்ச்சியாகவே கண்டார். மாலைவேளையில் சூரியன் மறைவதைப் போல. யார் வந்ததால் மறைந்தது என்பதைத் தம் நூலிலேயே எழுதிவிட்டு, மறைவதற்கு யாரும் பொறுப்பல்லர் என்பதுபோல் நடந்துகொண்டார்.

இங்கே சில நண்பர்கள் நம்மோடு வாதிடக்கூடும். அவர் ஒரு சர்க்கார் ஊழியர். பதவியை விட்டுப் போயிருந்தால் இன்னும் மோசமான ஒருவர் வந்திருப்பார். இருந்து செய்தது நன்மையல்லவா என்பர். இவ்வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. அவருக்குப் பின் வந்த வெள்ளை அதிகாரிகள் வட சென்டினல் தீவைப் பெரும்பாலும் அதன்போக்கில் விட்டுவைத்தனர். அவர் எழுதிய ஒப்புதலுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் அவர் தம் அறிவுக்காக எதையாவது இழந்தாரா என்று பார்க்கையில் ஒன்றும் தென்படவில்லை. ஓர் உத்தரவையாவது மறுத்தார், ஒரு பயணத்தையாவது மாட்டேன் என்றார் என்று நாம் படித்தவற்றுள் இல்லை. அதே காலத்தில் வேறொரு வெள்ளையர், கர்னல் ஆல்காட், 1894-ல் அடையாற்றில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதரோடு கொழும்புக்குச் சென்றார். அவருக்கும் குறைகள் இருந்தன. ஆயினும் தம் நிறத்தினால் எந்த வாயில் திறந்ததோ அதே வாயிலில் மற்றவரை முன்னே விட்டார். அது செய்யத்தக்க காரியம் என்பதற்கு அச்சான்று போதும்.

அசோக மன்னனை உதாரணம் காட்டுவதும் நம் வழக்கம். கலிங்கத்தில் வீழ்ந்த பிணங்களைக் கண்டு மனம் மாறினான், படையெடுப்பை விட்டான், அதைப் பாறையில் வெட்டிவைத்தான். அவனோடு ஒப்பிட்டால் போர்ட்மன் சிறியவர் ஆகிவிடுவார். ஆனால் அசோகனையும் நாம் முழுதும் விட்டுவிடுவதற்கில்லை. அவன் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் வருத்தத்தைக் கூறும் அந்தச் சாசனத்தைக் கலிங்க நாட்டுப் பாறைகளில் மட்டும் பொறிக்காமல் விட்டான். காட்டில் வாழும் மக்களுக்கு அதே சாசனத்திலேயே, தனக்கு இன்னும் வலிமை உண்டு என்று எச்சரிக்கையும் செய்தான். காட்டார் என்று வரும்போது தருமராசன் குரலும் சிறிது கடுமையாகிறது. மணிமேகலையிலும் நாகர் தலைவன் கரடிபோல் காட்டப்படுகிறான் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நிற்க. போர்ட்மன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்து, இடையிடையே நோயுற்று, இறுதியில் இங்கிலாந்து திரும்பினார். 1935-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். அவர் உத்தியோகத்தின் முடிவில், 1901-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் பெரிய அந்தமானியர் 625 பேர் இருந்தனர். அவர் இறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 90 பேர். 1961-ல் 19 பேர். பின்னர் அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவு என்னும் சிறு தீவில் கொண்டுபோய்க் குடிவைத்தனர். போர்ட்மன் கற்ற மொழிகளைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். போ மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி 2010-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார். பேச எதிரே ஆளில்லாத மொழியோடு அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

போர்ட்மன் வரலாறு இத்துடன் முடிந்தது. அவர் அமர்ந்த நாற்காலியின் வரலாறு முடியவில்லை.

வெள்ளையர் 1947-ல் சென்றனர். தீவுகள் நம்மவர் கைக்கு வந்தன. 1956-ல் பழங்குடியினரைக் காப்பதற்கென ஒழுங்குவிதி ஒன்று இயற்றப்பட்டது. அது நல்ல விதியே. ஆனால் தீவுகளுக்குக் குடியேற்றமும் தொடர்ந்தது. வங்காளத்து அகதிகள் வந்தனர். இராஞ்சிப் பக்கத்துக் கூலிகள் வந்தனர். தமிழரும் திரளாக வந்தனர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, 1970-களில் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. வந்தவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள், எங்கெங்கோ துரத்தப்பட்டவர்கள். அவர்களைப் போர்ட்மனோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்று தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்து அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. 1990-களின் இறுதியில் ஜாரவாக்கள் வெளியே வரத் தொடங்கினர். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2006-ல் மீண்டும் பரவியது. 1877-ம் ஆண்டைப் பற்றிப் போர்ட்மன் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 2002-ல் உச்சநீதிமன்றம் அவர்கள் காட்டுக்குள் சாலையை மூடும்படி உத்தரவிட்டது. அதன்பின்னும் வாகனங்கள் வரிசை வரிசையாகச் சென்றன. 2012-ம் ஆண்டில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் செய்த காட்சி உலகெங்கும் காட்டப்பட்டபோது, அதைச் செய்தவர்கள் வெள்ளையர் என்று நாம் சொல்லமுடியவில்லை.

அந்தமானில் சில ஆண்டுகள் கட்டட வேலை செய்து திரும்பிய நம்மவர் ஒருவர், ஒரு பௌர்ணமிக் கூட்டத்திற்கு வந்திருந்தார். அச்சாலையில் பேருந்தில் போனதைச் சிரிப்போடு கூறினார். வழியில் ஜாரவாச் சிறுவர் நின்றனராம், பேருந்தில் இருந்தோர் பிஸ்கோத்து வீசினராம், இவரும் வீசினாராம். கையில் கொடுத்தீரா, வீசினீரா என்று அருகிலிருந்த முதியவர் கேட்டார். வீசினேன் என்றார். அதன்பின் வெகுநேரம் அவர் பேசவில்லை. அவர் ஊர் தேநீர்க் கடையில் அவர் தந்தைக்குச் சிரட்டையில் உயர இருந்து ஊற்றியதை அதற்கு முந்திய கூட்டத்தில் அவரே நமக்குச் சொல்லியிருந்தார். இரண்டையும் அவர் மனம் அப்போது சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். அவரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தார். போர்ட்மன் யார் என்று கேட்டார். அவர் கேட்டதனாலேயே இதை எழுதினோம்.

வட சென்டினல் தீவு இன்றும் அதன் மக்களிடமே உள்ளது. சர்க்காரார் சிலகாலம் தேங்காயும் பாத்திரமும் கொண்டுபோய்க் கரையில் வைத்துப் பழக முயன்றனர். 1991-ம் ஆண்டு ஜனவரியில் ஒருமுறை, தண்ணீரில் இறங்கி வந்து தேங்காயைக் கையால் வாங்கிக்கொண்டனர். பின்பு 1990-களிலேயே அப்பயணங்கள் நிறுத்தப்பட்டன. நோய் போகக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். இம்முறை ஒரு சர்க்கார், தானாகவே, போகாமல் இருக்க முடிவு செய்தது. 2018-ல் தடையை மீறிச் சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்கே கொல்லப்பட்டார். அதன் பேரில் எவரையும் பிடித்துவர ஆள் அனுப்பவில்லை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அத்தீவார் மாண்டிருப்பார்களோ என்று அஞ்சிக் கடலோரக் காவற்படையார் ஹெலிகாப்டரில் சென்று பார்த்தனர். மணற்பரப்பில் ஒருவர் ஓடிவந்து, தலைக்கு மேலே வில்லை வளைத்து அம்பைக் குறிவைத்தார். உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஹெலிகாப்டர் திரும்பிச் சென்றது.